தம் இறையால் வரும் அச்சம்: வீட்டு வன்முறையைக் கண்டு வளரும் இளையோரும் தமிழ்ப் புனைவுகளும்

ஆய்வுச்சுருக்கம்

வீட்டில் நிகழும் வன்முறையைக் கண்டும் கேட்டும் வளரும் பதின்பருவத்தினரின் நலம் மருத்துவ, சமூகவியல் ஆய்வுகளில் தனிப்பொருளாக இடம்பெற்றுவிட்டது. அவர்களின் துன்பம் எவ்வாறு பிழையாக வாசிக்கப்படுகிறது என்பதைத் தமிழ் இலக்கிய மரபின் துணைகொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. அச்சத்திற்குத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கூறும் நான்கு நிலைக்களன்களுள் இறுதியானதை அளவுகோலாகக் கொண்டு, ப. சிவகாமியின் ‘பழையன கழிதலும்’, பாமாவின் ‘சங்கதி’, பி. எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ திரைப்படம் ஆகியவை நோக்கப்படுகின்றன. அமைதியும் நல்ல மதிப்பெண்ணும் பாதிப்பின்மைக்குச் சான்றாகா என்பது கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: வீட்டு வன்முறை, வளரிளம் பருவம், மெய்ப்பாடு, அச்சம், வெறியாட்டு, குறவஞ்சி, தலித் பெண்ணெழுத்து

முன்னுரை

தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் குற்றாலத்தின் அருவிகளில் கூட்டம் நிறைகிறது. ஐந்து கிளைகளாகப் பிரிந்து விழும் ஐந்தருவியின்கீழ் நிற்கக் குடும்பம் குடும்பமாக வருவோர் பெரும்பாலும் இன்பப் பயணமாகவே வருகின்றனர். எனினும் குற்றாலத்து நீருக்கு வேறொரு புகழும் உண்டு. சித்தம் கலங்கியவரை இங்கு அழைத்துவந்து அருவியில் தலையைக் காட்டச் செய்தால் தெளிவு பிறக்கும் என்னும் நம்பிக்கை தென்மாவட்டங்களில் நெடுங்காலமாக வழங்கிவருகிறது. தலைக்கேறிய சூட்டை நீர் இறக்கிவிடும் என்பது அதன் உட்கருத்து.

இந்நம்பிக்கையை நகையாடுவது எளிது; அதன் அமைப்பைக் கவனிப்பதே பயனுடையது. நோய் ஒருவரின் தலைக்குள் இருக்கிறது. வீட்டார் நலமாக இருக்கின்றனர். நலமாக இருப்போர் நோயுற்றவரை அழைத்து வருகின்றனர். அழைத்து வருபவரிடமே நோயின் வேர் இருக்கக்கூடுமோ என்னும் ஐயத்திற்கு இவ்வமைப்பில் இடமே இல்லை.

நெல்லை, தென்காசி வட்டாரத்தில் வழங்கும் ‘பயந்த கோளாறு’ என்னும் தொடரும் இத்தகையதே. குழந்தை உறக்கத்தில் திடுக்கிட்டு அலறினாலும், உண்ண மறுத்தாலும், காரணமின்றிக் காய்ச்சல் கண்டாலும் ‘எதையோ பார்த்துப் பயந்திருக்கிறது’ என்பர். திருநீறு போட்டு மந்திரிப்பதும், மாலைத் தொழுகை முடிந்து வருவோரிடம் பள்ளிவாசல் வாயிலில் குழந்தையைக் காட்டி ஓதச் செய்வதும் சமய வேறுபாடின்றி நிகழ்கின்றன. அச்சம் உடல் நோயாக வெளிப்படும் என்பதை மக்கள் வழக்கு ஐயமின்றி அறிந்திருக்கிறது. இவ்வகையில் அது பல பாடநூல்களைவிட முன்னே நிற்கிறது. ஆனால் அந்த ‘எதையோ’ என்பது முச்சந்தியிலோ புளியமரத்தடியிலோதான் தேடப்படுகிறது. முந்தைய இரவு அடுக்களையில் நிகழ்ந்தது அச்சொல்லுக்குள் வருவதில்லை. மந்திரிக்கும் வயதைக் கடந்த பதின்மூன்று, பதினான்கு வயதினருக்கோ அச்சொல்லும் கிடைப்பதில்லை. அவர்களுக்குக் கிடைப்பவை ‘திமிர்’, ‘சோம்பல்’, ‘வாயாடி’, ‘அழுத்தம்’ என்னும் குணப்பெயர்களே.

வீட்டு வன்முறையைக் கண்டு வளர்வோரின் நலம் பற்றிய ஆய்வில் தமிழ் இலக்கியத் துறைக்கு என்ன பங்கு என்னும் வினா இவ்விடத்தில் எழுகிறது. உடற்குறியைக் கொண்டு உள்ளத்தை அறிவதும், அவ்வாறு அறிவதில் நேரும் பிழையைக் காட்டுவதும் தமிழ்க் கவிதை மரபின் பழைய தொழில்கள். அம்மரபு எதுவரை சென்றது, எங்கே நின்றுவிட்டது என்பதைக் காண்பது இன்றைய ஆய்வுமுறைகளைத் திறனாய்வு செய்யவும் உதவும்.

வெறியாட்டும் குறவஞ்சியும்

அகப்பாடல்களில் மகளின் உடல் மெலிகிறது, மேனியில் பசலை படர்கிறது, உறக்கம் கெடுகிறது. தாய் கவலைப்படுகிறாள். கட்டுவிச்சியிடம் குறி கேட்டு, முருகு அணங்கியது எனத் துணிந்து, வேலனை அழைத்து வெறியாட்டு நிகழ்த்துகிறாள். களம் இழைக்கப்படுகிறது, மறி அறுக்கப்படுகிறது. காரணம் வேறு என்பதைத் தலைவியும் தோழியும் அறிவர், படிப்பவரும் அறிவர். தன்னால் வராத நோயைத் தீர்க்க வந்து நிற்கும் முருகனையே எள்ளும் குரலும் அப்பாடல்களிடையே கேட்கிறது. இளம்பெண் ஒருத்தியின் உடற்குறியைக் குடும்பமும் சடங்கும் பிழையாக வாசிப்பதைத் தனித்துறையாகவே வகுத்துக்கொண்ட மரபு தமிழுடையது.

ஐந்தருவி விழும் இதே மலையைப் பாடிய திரிகூடராசப்பக் கவிராயர், மேலகரத்தில் வாழ்ந்த பதினெட்டாம் நூற்றாண்டுப் புலவர். அவருடைய திருக்குற்றாலக் குறவஞ்சியிலும் நோயுற்ற ஓர் இளம்பெண் இருக்கிறாள். பந்தாடிக் களித்த வசந்தவல்லி திருக்குற்றாலநாதரின் பவனியைக் கண்டபின் வாடுகிறாள். தோழியர் குளிர்ச்சி செய்கின்றனர், பயனில்லை. வெளியிலிருந்து வரும் குறத்தி கையைப் பார்த்து, கேட்டு, மறுத்து, மீண்டும் கேட்டு, உள்ளதைச் சொல்கிறாள். வெறியாட்டில் பிழைத்த நோயறிதல் குறவஞ்சியில் பலிக்கிறது. பலிப்பதற்குக் காரணம் குறத்தியின் தெய்வ அருள் என்பது நூலின் கூற்று. ஆனால் நாடக அமைப்பை நோக்கினால், அவள் அவ்வீட்டைச் சேராதவள் என்பதும், அவளிடம் சொல்வதால் வீட்டில் எவருடைய நிலையும் குலையாது என்பதும் அதே அளவு முதன்மை பெறுகின்றன.

இவ்விரு மரபுகளிலும் உடல் காட்டும் மறைபொருள் காதலே. மெலிவுக்கும் உறக்கமின்மைக்கும் வேறு காரணம் வீட்டுக்குள் இருக்கலாம் என்னும் எண்ணம் அகமரபின் நெறிக்குள் வர இயலாது. அது நெறியின் குறையன்று, நெறியின் எல்லை. தமிழாய்வு அந்த எல்லையை மறந்து, இளம்பெண்ணின் உடல்வாட்டம் அனைத்தையும் காதலின் மெய்ப்பாடாக வாசிக்கப் பழகியதே குறை. பள்ளி மாணவி ஒருத்தி வாடியிருந்தால் ‘யாரையாவது விரும்புகிறாளா’ என்று முதலில் கேட்கும் இன்றைய வீடுகள், தாம் அறியாமலே, அந்த வாசிப்பைத்தான் தொடர்கின்றன. அவ்வினாவே புதிய அடிகளுக்குக் காரணமாவதும் உண்டு.

அச்சத்தின் நான்காம் நிலைக்களன்

அகத்திணை விட்ட இடத்தை மெய்ப்பாட்டியலின் ஒரு சொல் நிரப்புகிறது. நகை முதல் உவகை ஈறாக எட்டு மெய்ப்பாடுகளைக் கூறும் தொல்காப்பியம், ஒவ்வொன்றும் நான்கு நிலைக்களன்களில் பிறக்கும் என்கிறது. அச்சத்திற்குக் கூறப்படுபவை அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்னும் நான்கு. ‘இறை’ என்பது அரசனைக் குறிப்பதாகவே பெரும்பாலும் கொள்ளப்படுகிறது. ஆயினும் அச்சொல் தலைமை உடையவரைப் பொதுவில் சுட்டுவது. ‘தம்’ என்னும் அடையும் கூர்ந்து நோக்கத்தக்கது. ஏனைய மூன்றும் பிற. இது ஒன்றே தமது. வீட்டுத் தலைமையை இச்சொல்லுக்குள் அடக்கிப் படிக்க இடமுண்டு.

நான்கையும் வரிசையாக நிறுத்தினால் வேறுபாடு தெளிவாகும். அணங்குக்கு அஞ்சுபவர் பூசாரியை நாடலாம். விலங்குக்கு அஞ்சுபவர் ஓடலாம். கள்வருக்கு அஞ்சுபவர் கதவைத் தாழிடலாம். தம் இறைக்கு அஞ்சுபவருக்கு இம்மூன்றும் இல்லை. தாழிட்ட கதவுக்கு உட்புறத்தில் அச்சத்தின் காரணம் இருக்கிறது. அவர் தரும் சோற்றை உண்டு, அவர் கட்டும் பள்ளிக் கட்டணத்தில் படித்து, சில வேளைகளில் அவரையே விரும்பி வாழ வேண்டியிருக்கிறது. அச்சமும் பற்றும் ஒரே ஆள்மேல் செல்கின்றன. உலக நலவாழ்வு நிறுவனத்தின் பதினோராம் நோய் வகைப்பாடு, தப்பிச் செல்ல அரிதான, நெடுநாள் நீளும் கொடுமைகளால் உண்டாகும் சிக்கலான அதிர்ச்சிப் பின்விளைவைத் தனி நோயாக ஏற்று, நீடித்த வீட்டு வன்முறையை அதற்கு எடுத்துக்காட்டாகவும் கூறுகிறது. ஒரு முறை நேர்ந்த விபத்தினின்று இதைப் பிரிப்பது, கள்வரையும் தம் இறையையும் தனித்தனியே வைத்த பழைய பகுப்போடு ஒத்துப்போவது வியப்பன்று. இரண்டும் ஒரே அனுபவத்தை நோக்கியவை.

மெய்ப்பாட்டியல் செய்யுளுக்கு இலக்கணமே அன்றி உளவியல் நூலன்று என்னும் மறுப்பு நியாயமானது. தொல்காப்பியத்தில் நவீன மருத்துவம் முழுதும் இருக்கிறது என்று காட்டும் கட்டுரைகள் தமிழில் ஏற்கெனவே தேவைக்கு மேல் உள்ளன. இங்குக் கொள்ளப்படுவது அக்கூற்றன்று. உள்ளத்து நிகழ்ச்சியை உடற்குறியால் அறியும் பயிற்சிக்குத் தமிழில் ஒரு சொற்களஞ்சியம் இருக்கிறது. மொழிபெயர்ப்பு வினாநிரல்களில் வரும் ‘பதற்றம்’, ‘மனச்சோர்வு’ என்னும் பொதுச்சொற்களைவிட அது நுட்பமானது என்பது மட்டுமே. எட்டுக்கும் புறம்பாகத் தொகுக்கப்பட்ட முப்பத்திரண்டனுள் துஞ்சல், கனவு, வெரூஉதல், உயிர்ப்பு, கையாறு, வியர்த்தல், நடுக்கு முதலியன உள்ளன. அவற்றோடு ‘அடக்கம்’ என்பதும் இருக்கிறது. அடக்கத்தைப் பண்பாக மட்டும் கொள்ளாமல் ஒரு மெய்ப்பாடாகவும் வைத்துப் பார்க்க இப்பட்டியல் வழி தருகிறது. கீழே வரும் வாதத்திற்கு இச்சொல் தேவைப்படும்.

கௌரியின் படிப்பு

ப. சிவகாமியின் ‘பழையன கழிதலும்’ 1989இல் வெளிவந்தது. தலித் பெண் ஒருவர் எழுதிய தொடக்ககாலத் தமிழ் நாவல்களுள் ஒன்று என்னும் வகையிலேயே அது பெரிதும் பேசப்பட்டது. தலித் தலைவர் ஒருவரின் ஆணாதிக்கத்தை உள்ளிருந்து விமர்சித்தது பாராட்டையும் கண்டனத்தையும் பெற்றுத் தந்தது. ஆனால் அந்த விமர்சனம் யாருடைய கண்வழியே நிகழ்கிறது என்பதில் திறனாய்வாளர்கள் போதிய கவனம் செலுத்தவில்லை. அது பள்ளியில் படிக்கும் ஒரு பெண்ணின் கண்.

காத்தமுத்துவுக்கு மனைவியர் இருவர், கனகவல்லியும் நாகமணியும். ஆதிக்கச் சாதியினரால் அடித்து நொறுக்கப்பட்ட கைம்பெண் தங்கம் அவர் வீட்டு வாயிலில் வந்து விழுகிறாள். அவர் அவளுக்காக மனு எழுதுகிறார், காவல் நிலையம் செல்கிறார், வழக்கு நடத்துகிறார். பின்னர் அவளையும் தம் வயப்படுத்திக்கொள்கிறார். வெளியில் அடிபட்டவளுக்குக் காவலர், வீட்டுக்குள் அடிப்பவர். இவ்விரண்டையும் ஒரே கூரையின்கீழ் நின்று காண்பவள் அவர் மகள் கௌரி. தெருவில் மதிக்கப்படும் தலைவனிடத்து வீட்டில் அஞ்ச நேர்வோரின் இரட்டைத் துன்பம் இதில் இருக்கிறது: அவர்கள் சொன்னால் நம்புவோர் இல்லை, நம்பினால் தம் மக்களின் போராட்டத்துக்கே கேடு வரும்.

கௌரி என்ன ஆகிறாள்? படிக்கிறாள். தேர்ச்சி பெறுகிறாள். திருமணப் பேச்சைக் கடந்து, ஊரை விட்டுக் கல்லூரிக்குச் செல்கிறாள். இதை விடுதலைக் கதையாக வாசிப்பதே வழக்கம். கல்வியே கதவைத் திறந்தது என்று வகுப்பறையில் சொல்லவும் ஏற்றது. அது பொய்யன்று. ஆனால் நாவல் அவளுடைய படிப்பை ஆசையாக மட்டும் காட்டவில்லை. அந்த வீட்டில் ஒரு பெண் கைக்கொள்ளக்கூடிய ஒரே மறைவிடமாகவும் காட்டுகிறது. தாயின் கதியும் சின்னம்மாவின் கதியும் தன் கதியாகும் என்னும் அச்சம் அவளைப் புத்தகத்தின்பால் செலுத்துகிறது. வெகுளிக்குத் தொல்காப்பியம் கூறும் நிலைக்களன்களுள் குடிகோளும் அலையும் உண்டு. குடிக்குக் கேடு சூழ்தலும் அடித்து வருத்தலும் என்று பொருள்படும். இரண்டையும் செய்பவர் தந்தையாகவே இருக்கும்போது அந்த வெகுளிக்குப் போக்கிடம் இல்லை. கௌரியிடம் அது சில இடங்களில் சொல்லாக வெடிக்கிறது. எஞ்சியது மதிப்பெண் ஆகிறது.

இவ்விடத்தில் நலவாழ்வு ஆய்வுகளின் ஒரு பழக்கத்தைக் கேள்விக்கு உட்படுத்த வேண்டும். வன்முறையைக் கண்டு வளர்வோரிடம் ஆய்வுகள் தேடும் விளைவுகள் கண்ணுக்குத் தெரிபவை: படிப்பில் பின்தங்கல், பள்ளிக்கு வராமை, முரட்டுத்தனம், புகை, மது. இவை இல்லாதவரை ‘மீண்டெழும் திறன்’ உடையோர் என வகைப்படுத்துவர். அவ்வளவுகோலில் கௌரி பாதிக்கப்படாதவள். தேர்வுப் பட்டியலில் முன்னிற்கும், ஆசிரியரிடம் ஒரு சொல்லும் எதிர்த்துப் பேசாத, வயிற்றுவலி என்று மாதம் இருமுறை விடுப்புக் கேட்கும் மாணவி எந்த வினாநிரலிலும் அகப்பட மாட்டாள். அவளுடைய அடக்கம் பண்பென்று சான்றிதழில் எழுதப்படும். கதவு திறக்கும் ஓசையிலிருந்தே தந்தையின் அன்றைய நிலையைக் கணிக்கும் காது, உறங்கும்போதும் விழித்திருக்கும் உடல், சண்டை மூளும் முன்னரே தம்பியை அழைத்துக்கொண்டு திண்ணைக்குச் செல்லும் பொறுப்பு ஆகியவை திறன்கள் போலத் தோன்றுகின்றன. உண்மையில் திறன்களே. ஆனால் அவற்றின் விலை உடலில் எழுதப்படுகிறது.

அவ்விலை எத்தகையது என்பதை அமெரிக்காவில் வின்சென்ட் ஃபெலிட்டியும் ராபர்ட் ஆண்டாவும் பிறரும் 1998இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. குழந்தைப் பருவத்துக் கேடுகளின் வகைகளுள் ஒன்றாகத் தாய் அடிக்கப்படுவதைக் கண்டு வளர்தலையும் அவர்கள் எண்ணினர். நான்கோ அதற்கு மேலோ வகையான கேடுகளுக்கு ஆட்பட்டோரிடம், எதற்கும் ஆட்படாதோரைவிட, மதுவுக்கு அடிமையாதல், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி முதலியவற்றின் வாய்ப்பு 4 முதல் 12 மடங்கு மிகுந்திருந்தது. இதயநோய் போன்ற உடல் நோய்களோடும் தொடர்பு தெரிந்தது. பள்ளிப் பருவத்தில் பாதிப்பின்றித் தோன்றியவர்களும் நடுவயதில் மருத்துவமனைக்கு வருகின்றனர் என்பது இதன் உட்கிடை. கலிபோர்னியாவில் காப்பீடு பெற்றிருந்த வயதுவந்தோரின் நினைவை நம்பிய ஆய்வு அது. அதன் எண்களைத் தமிழகத்துக்கு அப்படியே பொருத்துதல் தகாது. தமிழில் வரும் கட்டுரைகள் பல அதைத்தான் செய்கின்றன.

பேயும் குரலும்

பாமாவின் ‘சங்கதி’ 1994இல் வந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றின் தலித் பெண்களுடைய பேச்சால் ஆன நூல் அது. கதைசொல்லி, பாட்டியின் வாய்மொழியைக் கேட்டு வளரும் சிறுமி. நூலோடு அவளும் வளர்கிறாள். அடிபடும் பெண்களை அவள் அடுத்த வீட்டிலும் தெருவிலும் காண்கிறாள். தந்தையிடமும் பின்னர்க் கணவனிடமும் அடிபடும் மாரியம்மாவின் கதை அவளுக்கு நெருங்கிய உறவின் கதை.

நூலில் பேய்பிடித்தல் பற்றிய பகுதி இக்கட்டுரைக்கு மிக வேண்டப்படுவது. பேய் ஏன் பெண்களையே பிடிக்கிறது, அதிலும் சேரிப் பெண்களையே ஏன் என்று கதைசொல்லி கேட்கத் தொடங்குகிறாள். வயலிலும் வீட்டிலும் ஓயாத உழைப்பும் இரவில் அடியும் சேர்ந்து, சொல்ல வழியற்ற உள்ளம் கலங்குவதையே அவள் அதில் காண்கிறாள். வெறியாட்டு மரபில் தோழி மட்டும் அறிந்திருந்த உண்மையை இங்கு ஒரு வளரிளம் பெண் உரத்துச் சொல்கிறாள்: அணங்கு அன்று, தம் இறை. நான்கு நிலைக்களன்களுள் முதலாவதிலிருந்து நான்காவதற்குக் காரணத்தை இடம்மாற்றியது பாமாவின் நூல். இலக்கியத் திறனாய்வு இதனை ‘மூடநம்பிக்கை எதிர்ப்பு’ என்னும் தலைப்பின்கீழ் அடக்கிவிடுவது மிகவும் குறுகிய வாசிப்பு.

‘சங்கதி’ வேறொன்றையும் காட்டுகிறது. அடிக்கும் கணவனை ராக்கம்மா தெருவில் நின்று நாணம் துறந்து ஏசுகிறாள். சண்டை வீட்டுச் சுவருக்குள் அடங்காமல் வெளியே வருவதை நாகரிகமின்மையாகக் கருதுவோர் உண்டு. காணும் சிறுமிக்கோ அது ஒரு பாடம். குரல் ஒரு காப்பு என்பதை அவள் அறிந்துகொள்கிறாள். ஒலி வெளியே கேளாத வீடுகளில் வளரும் பிள்ளைகளுக்கு அப்பாடமும் கிட்டுவதில்லை.

தலித் பெண்ணெழுத்தை எடுத்துக்காட்டுவதில் இடர் ஒன்று உண்டு. வன்முறை ஒடுக்கப்பட்ட சாதி வீடுகளின் இயல்பு என்னும் தவறான எண்ணத்திற்கு அது துணைபோகலாம். உண்மை வேறு. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019–21) தமிழகத்தில் மணமான பெண்களுள் ஏறத்தாழ 38 விழுக்காட்டினர் கணவரின் வன்முறைக்கு ஆளானதாகக் கூறினர். இந்திய அளவில் இது 29 விழுக்காட்டை ஒட்டியது. இவ்வளவு பெரிய பங்கு ஓரிரு சாதியின் எல்லைக்குள் அடங்காது. தம் வீட்டைத் தாமே எழுதும் துணிவு சிவகாமிக்கும் பாமாவுக்கும் இருந்தது. ஏனையோரின் வீடுகள் எழுதப்படாமல் இருக்கின்றன. சான்று மிகுதியைக் குற்ற மிகுதியாகக் கொள்வது ஆய்வறத்திற்கு ஒவ்வாது.

கூழாங்கல்

பி. எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ 2021இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் புலிப் பரிசு பெற்றது. குடித்துவிட்டு அடிக்கும் கணபதி, பிறந்தகம் சென்றுவிட்ட மனைவியை அழைத்துவர, மகன் வேலுவைப் பள்ளியிலிருந்து இழுத்துச் செல்கிறான். மதுரைப் பக்கத்து வறண்ட நிலத்தில் தந்தையும் மகனும் வெயிலில் நடப்பதே படத்தின் பெரும்பகுதி. வேலு பதின்பருவத்தை இன்னும் எட்டாதவன். எனினும் எட்டுமுன் என்ன கற்றுக்கொள்கிறான் என்பதற்காக இப்படம் இங்கே தேவைப்படுகிறது.

அவன் அழுவது அரிது. தந்தை கையிலிருந்த பணத்தைக் கிழித்தெறிகிறான். கண்ணாடித் துண்டில் வெயிலைப் பிடித்துத் தந்தையின் முதுகில் பாய்ச்சுகிறான். தாகத்தை ஆற்ற வாயில் ஒரு கூழாங்கல்லை இட்டுக்கொள்கிறான். வீடு சேர்ந்தபின் அக்கல்லை முன்பே சேர்ந்திருக்கும் கற்களோடு வைக்கிறான். இந்நடை முதல் நடையன்று என்பது அப்போது தெரிகிறது. பாதிப்பின் அளவை எண்ணிக்கையாகச் சொல்ல நேர்ந்தால் அந்தக் கற்குவியலைவிட நேரிய அட்டவணை வேறில்லை.

‘அடியைக் கண்டு வளர்ந்தவன் அடிப்பவனாவான்’ என்னும் கருத்து ஆய்வுகளில் விதிபோல வழங்குகிறது. தந்தை தாயை அடித்ததைக் கண்ட பெண்கள் தாமும் கணவரிடம் வன்முறைக்கு ஆளாகும் வாய்ப்பு மிகுதி என்பதைத் தேசியக் குடும்பநல ஆய்வுகள் காட்டியுள்ளன. வாய்ப்பு மிகுதல் வேறு, விதி வேறு. வேலுவின் சினம் தந்தையின் சினத்தைப் போன்றதன்று. அது கணக்கிட்டது, தாயின் பக்கம் நிற்பது. அதே சினம் பத்தாண்டுகளில் எதுவாகும் என்பதைப் படம் சொல்லவில்லை. சொல்லாததே அதன் நேர்மை. பையன்களின் பாதிப்பை வருங்காலக் குற்றத்தின் முன்னறிவிப்பாக மட்டும் காணும் ஆய்வுகள், இன்று அவர்களுக்கு நோகிறது என்பதை விட்டுவிடுகின்றன.

எண்ணும் சட்டமும்

மேற்கண்ட பிழை வாசிப்புகள் நிறுவனங்களிலும் தொடர்கின்றன. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி நாட்டில் பதிவான தற்கொலைகள் 1,70,924, அவற்றுள் 31.7 விழுக்காட்டிற்குக் காரணம் ‘குடும்பப் பிரச்சினைகள்’. பதிவேட்டின் மிகப் பெரிய வகை இதுவே. மிகக் குறைவாகப் பொருள் சொல்லும் வகையும் இதுவே. சொத்துத் தகராறும், தாய் அடிபடுவதைப் பொறுக்கமாட்டாத பிள்ளையின் முடிவும் அதனுள் ஒன்றாகப் புதைகின்றன. தமிழகத்தில் மாணவர் இறப்பு நேர்ந்தால் தேர்வும் கைப்பேசியும் உடனே குற்றவாளிக் கூண்டில் ஏறுகின்றன. அவற்றுக்கும் பங்கு இருக்கலாம். ஆனால் அவை வேலன் சுட்டும் அணங்கு போல வெளியிலிருந்து வந்தவை; வீட்டாருக்கு இடையூறு செய்யாத காரணங்கள்.

குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் வன்முறை பற்றிய வினாக்கள் 18 முதல் 49 வயது வரையான பெண்களிடமே கேட்கப்பட்டன. அடிபட்டவளைக் கேட்டார்கள், அவள் பின்னால் கதவருகே நின்றவளைக் கேட்கவில்லை. வயதுவராதோரிடம் இத்தகைய வினா எழுப்புவதன் இடர்கள் உண்மையானவை: விடை சொன்ன பிள்ளை அதே வீட்டுக்குத்தான் திரும்ப வேண்டும். எனவே இது எளிதில் பழிக்கத்தக்க விடுபாடன்று. ஆயினும் 2014இல் தொடங்கிய தேசிய வளரிளம் பருவ நலத்திட்டம் மனநலத்தையும் வன்முறையையும் தன் ஆறு முன்னுரிமைகளுள் வைத்திருக்கையில், அவ்விரண்டும் சந்திக்கும் இடம் அளக்கப்படாமல் இருப்பது முரண்.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம் 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. பாதிக்கப்பட்டவர் என்று அது வரையறுப்பது பெண்ணை. குழந்தை அதில் வருவது தாயின் துணையாக. காவல் உத்தரவு, பராமரிப்புத் தொகை ஆகியவற்றின் பொருளாக. அடியைக் கண்டு வளர்ந்தது தனியொரு தீங்கு என அச்சட்டம் கூறவில்லை. இங்கிலாந்தின் 2021ஆம் ஆண்டுக் குடும்பக் கொடுமைச் சட்டம், வன்முறையைக் கண்ட, கேட்ட, அதன் விளைவை உணர்ந்த குழந்தையும் பாதிக்கப்பட்டவரே என வெளிப்படையாக அறிவித்தது. ‘கேட்ட’ என்னும் சொல் அங்கே இருப்பது சிறப்பு. ஓர் அறை வீட்டில் கண்ணை மூடிக்கொள்ளலாம். காதை மூட இயலாது.

தென்காசி வட்டாரத்தின் வாழ்நிலை இச்சொல்லுக்கு மேலும் அழுத்தம் தருகிறது. தென்காசி, ஆலங்குளம், கடையம், பாவூர்சத்திரம் பகுதிகளில் பல்லாயிரம் பெண்களுக்குப் பிழைப்பு பீடி சுற்றுதல். முறமும் இலையும் தூளுமாக வீடே தொழிற்கூடம். பள்ளி விட்டு வரும் மகள் தாயின் அருகில் அமர்ந்து இலை வெட்டியோ, சுற்றிய பீடியின் முனை மடித்தோ எண்ணிக்கையை நிறைவு செய்ய உதவுவது பழகிய காட்சி. தாயின் கூலி, தந்தையின் குடி, மகளின் வீட்டுப்பாடம் ஆகிய மூன்றும் ஒரே பாயின்மேல் நிகழும்போது ‘கண்ட சாட்சி’ என்னும் சொல் பொருந்தாது. சாட்சி என்பவர் விலகி நின்று காண்பவர். இவள் விலகி நிற்க இடமில்லாதவள். கண்ணுக்குத் தெரியாத தூளை உள்ளிழுப்பதும் அச்சத்தை உள்ளிழுப்பதும் அவ்வீட்டில் ஒரே மூச்சில் நடக்கின்றன. ஒன்றை மருத்துவ முகாம் தேடுகிறது. மற்றொன்றை எந்த முகாமும் தேடுவதில்லை.

ஐயுறும் மகள்

சிவகாமி தம் முதல் நாவலுக்குப் பின்னர் ‘ஆசிரியர் குறிப்பு’ என்னும் தொடர்ச்சியை எழுதினார். இரண்டும் இணைந்து 2006இல் அவருடைய மொழிபெயர்ப்பிலேயே ஆங்கிலத்தில் வந்தன. அத்தொடர்ச்சியில் நாவலாசிரியர் தம் பழைய எழுத்தைத் தாமே விசாரணைக்கு உட்படுத்துகிறார். தந்தையைச் சித்திரித்தது நியாயந்தானா, இளமையின் சினம் அவரைச் சிறுமைப்படுத்திவிட்டதா, சாதியின் கொடுமையை எதிர்த்து நின்ற ஒருவரின் வீட்டை மட்டும் பார்த்தது சரியா என்னும் வினாக்கள் எழுகின்றன. பின்நவீனத்துவத் தற்சுட்டு உத்தி என இதனை வகைப்படுத்துவது திறனாய்வின் வழக்கம்.

வீட்டில் வன்முறையைக் கண்டு வளர்ந்தோரின் சொல்லைக் கேட்டுப் பழகியவருக்கு இது உத்தியாகத் தோன்றாது. ‘அப்படி ஒன்றும் பெரிதாக இல்லை’, ‘அவருக்கும் எவ்வளவோ கஷ்டம்’, ‘நான்தான் மிகைப்படுத்துகிறேனோ’ என வயதுவந்தபின் தம் சாட்சியத்தையே திருத்திக்கொள்வது தம் இறைக்கு அஞ்சியவர்களின் மெய்ப்பாடு. அஞ்சுதற்குக் காரணமானவர் விரும்புதற்கும் உரியவராக இருந்ததன் நெடுநாள் விளைவு. அத்திருத்தத்தில் உண்மை இல்லை என்பதற்கில்லை. காத்தமுத்து சாதி வன்முறையை எதிர்கொண்டவர் என்பதும் உண்மையே. ஆனால் வயதுவந்தோரின் நினைவை மட்டும் நம்பும் ஆய்வுகள் பெறுவது இரண்டாம் நூலை. முதல் நூலை அன்று. பதினைந்து வயதில் கௌரி கண்டதை முப்பத்தைந்து வயதுக் கௌரியிடம் கேட்டால், மன்னித்துத் திருத்திய பிரதியே கிடைக்கும்.

பதினைந்து வயதுக் கௌரியிடம் கேட்பது எப்படி என்பதற்குக் குறவஞ்சியின் நாடக அமைப்பு ஒரு குறிப்பைத் தருகிறது. குறத்தி முதலில் நோயைப் பற்றிக் கேட்பதில்லை. தன் மலையைப் பற்றியும் தன் ஊரைப் பற்றியும் நெடுநேரம் பேசுகிறாள். அதன்பின்னரே கையை நீட்டச் சொல்கிறாள். மாணவியை அழைத்து ‘வீட்டில் ஏதேனும் பிரச்சினையா’ என்று தொடங்கி, பெற்றோரின் கையொப்பம் கேட்டு முடியும் ஆலோசனைப் படிவங்களில் இம்முறை தலைகீழாக இருக்கிறது.